தீக்குச்சியில் தொடங்கும் இயற்கணிதம்

கேள்வி: 'எக்ஸ்' என்று எழுதியதுமே பிள்ளைகள் மிரள்கிறார்கள். இயற்கணிதத்தைச் செய்துபார்த்துப் படிக்கவைக்க வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, மைசூரு

பதில்: உண்டு. எழுத்துக்கு முன்னால் தீக்குச்சியைக் கொடுங்கள். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி. ஒட்டியே இன்னொன்று வைத்தால் 7, மூன்றாவதுக்கு 10. "நூறு சதுரத்துக்கு எத்தனை?" என்று கேட்டால், எண்ணிப் பார்ப்பதை விட்டுப் பிள்ளைகள் விதியைத் தேடுவார்கள். சதுரங்களின் எண்ணிக்கை 'அ' என்றால், ஒருவர் 3அ + 1 என்பார். இன்னொருவர் 4 + 3(அ – 1) என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று காட்டும்போது சுருக்குதலுக்குப் பொருள் கிடைக்கிறது. 2006இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்பு நூலும் இயற்கணிதத்தைத் தீக்குச்சி வடிவங்களில்தான் தொடங்கியது.

சென்னையின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், இயற்கணிதத்தை வடிவங்களின் மொழியாகவே கற்பித்தவர். அந்த வழியில் நாட்காட்டியும் நல்ல கருவி. 8, 9, அவற்றின் கீழே 15, 16 என்று நான்கு தேதிகளைக் கட்டம் கட்டினால், குறுக்காகக் கூட்டும்போது இரு பக்கமும் 24. எந்த மாதத்திலும் இரு கூட்டல்களும் சமமாகவே வரும். காரணம், கட்டத்தின் முதல் தேதி 'அ' என்றால், இரண்டுமே 2அ + 8.

பெருக்கலுக்கு அட்டை வில்லைகள் போதும். (அ + 2)(அ + 3) என்ற செவ்வகத்தை அடுக்க 'அ' பக்கமுள்ள ஒரு பெரிய சதுரம், 'அ' நீளமும் 1 அகலமும் உள்ள ஐந்து பட்டைகள், 1 பக்கமுள்ள ஆறு சிறு சதுரங்கள் வேண்டும்: அ² + 5அ + 6.

மைசூரிலேயே, மானசகங்கோத்ரியில், என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம் 1963 முதல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. அதனோடு செயல்விளக்கப் பள்ளியும் உண்டு. இப்படிச் செய்துபார்க்கும் வழிகள் பற்றி அங்கே கேட்டுப் பாருங்கள்.

மேலே சொன்ன அட்டை வில்லைகளை வெட்டும்போது ஒரு கவனம் தேவை. பட்டையின் நீளம் சிறு சதுரங்களால் மிச்சமின்றி அளக்க முடியாததாக இருக்கட்டும். இல்லையேல் 'அ' என்றால் 5 என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள்.