குளவி கொட்டினால் அலர்ஜி ஊசி போதுமா?



மலையில் குளவி கலைந்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடுவோம். படங்கை எடுத்துத் தலையை மூடிக்கொள்வோம். பிறகு டிஸ்பென்சரிக்குப் போய் நாம் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர் ஐயா, அந்த அலர்ஜி ஊசிய போட்டுவிடுங்க, சரியாயிரும்." இந்த முறை பாடம் அந்த ஊசியைப் பற்றியது. அது நல்ல மருந்துதான். ஆனால் அதன்மேல் நாம் வைத்திருக்கிற நம்பிக்கை கொஞ்சம் கூடிப்போச்சு.

அலர்ஜி ஊசி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரண்டு மருந்துகளை. ஒன்று குளோர்பெனிரமின். பிரிட்டோன் குளிசை என்றால் எல்லோருக்கும் தெரியுமே, அதே மருந்துதான். மற்றது புரோமெத்தசின். பெனர்கன் என்ற பெயரிலும் இது வரும். அலர்ஜிக்கும் கொடுப்பார்கள், பயணத்தில் வரும் தலைசுற்றுக்கும் வாந்திக்கும் கொடுப்பார்கள்.

இவை எப்படி வேலை செய்கின்றன? குளவி விஷமோ, ஒத்துக்கொள்ளாத சாப்பாடோ, மருந்தோ உடம்புக்குள் போனால், அலர்ஜி உள்ளவருக்கு ஹிஸ்டமின் என்ற பொருள் உடம்பிலேயே பெருகி வெளியே வரும். தடிப்பும் அரிப்பும் வீக்கமும் அதனால்தான். இந்த மருந்து ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். பஸ் வந்ததும் ஜன்னல் வழியாக லேஞ்சியைப் போட்டு சீட் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் ஏற்கனவே உட்கார்ந்துவிட்ட ஆளை லேஞ்சி எழுப்புமா? நேரம் எடுக்கும். அதுவும் பெரிய அலர்ஜியில் ஹிஸ்டமின் மட்டுமல்ல, வேறு பல பொருட்களும் சேர்ந்து வெளியே வரும். அவற்றை இந்த ஊசி தடுக்காது.

எப்போது பயப்பட வேண்டும்?

கொட்டிய இடத்தில் வீக்கம், வலி, உடம்பில் கொஞ்சம் தடிப்பு, அரிப்பு. இதற்கு அலர்ஜி மருந்து போதும். பல நேரம் குளிசையே போதும்.

ஆனால் மூச்சு இழுக்கிறது, தொண்டை அடைக்கிறது, குரல் மாறுகிறது, நாக்கோ உதடோ வீங்குகிறது, தலை சுற்றி விழப்பார்க்கிறார், உடம்பு குளிர்ந்து வேர்க்கிறது, திடீரென்று வாந்தியும் வயிற்று வலியும் வருகிறது என்றால் அது வேறு விஷயம். இரத்த அழுத்தம் இறங்குகிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது. இந்த நிலையில் உயிரைக் காப்பாற்றும் மருந்து அட்ரினலின். அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். சில நிமிடத்தில் வேலை செய்யும். அலர்ஜி ஊசியை அதற்குப் பிறகு அரிப்புக்காகப் போடலாம். அதற்குப் பதிலாகப் போடக் கூடாது. "ஊசி போட்டாச்சு, இனி பார்ப்போம்" என்று லயத்துக்குத் திரும்பி வந்து படுத்துவிடுவதுதான் ஆபத்து. தூக்கம் வருகிறது என்று நினைப்போம். உண்மையில் மயக்கமாக இருக்கும்.

அப்படிப்பட்டவரை நடக்க வைக்காதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டமென்றால் சாய்த்து உட்கார வையுங்கள். கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாகப் படுக்க வையுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாதை மோசமென்று அது வர நேரமாகுமானால், கிடைக்கிற வாகனத்தில் படுத்தபடியே கொண்டுபோங்கள். நல்லாயிட்டார் என்று உடனே கூட்டி வராதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும், அதனால்தான் வாட்டில் வைத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. நிறையக் குளவி கொட்டியிருந்தால் அலர்ஜி இல்லாதவருக்கும் விஷமே சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் குறைந்தாலோ, சாயத் தண்ணி நிறத்தில் போனாலோ அது அலர்ஜி ஊசியால் தீராது. ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.

உங்கள் டிஸ்பென்சரியில் அட்ரினலின் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்று தலைவர்மார் சேர்ந்து போய்க் கேட்டு வையுங்கள். குளவி கலைந்த பிறகு கேட்டு என்ன பிரயோசனம்?

ஊசியை யார் போடுவது?

தெரிந்தவர் போடுவார் என்று பாமசியில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். புரோமெத்தசின் தசையில் ஆழமாகப் போட வேண்டிய மருந்து. தோலுக்கடியில் போட்டாலோ, நரம்பிலிருந்து வெளியே கசிந்தாலோ சதையைப் புண்ணாக்கும். தமனிக்குள் போய்விட்டால் இரத்த ஓட்டமே நின்று அந்தப் பகுதி அழுகிப்போகும். அமெரிக்காவில் டயானா லெவின் என்ற இசைக் கலைஞர் 2000ஆம் ஆண்டில் தலையிடிக்கும் குமட்டலுக்கும் மருந்து எடுக்கப் போனார். இந்த ஊசியைக் கையில் நரம்பு வழியாகப் போட்டார்கள். அது தமனிக்குள் போனதால் அவருடைய வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009இல் அவருக்குச் சார்பாக முடிந்தது. அதே ஆண்டில் மருந்தின் எச்சரிக்கையையும் அங்கே கடுமையாக்கினார்கள். படித்தவர்கள் போடும்போதே இப்படியென்றால், பழக்கத்துக்குப் போடுகிறவரிடம் கையை நீட்டலாமா? ஊசி ஏறும்போது எரிந்தாலோ கடுமையாக வலித்தாலோ வெட்கப்படாமல், "நிப்பாட்டுங்க, எரியுது" என்று சொல்லுங்கள்.

போட்ட பிறகு தூக்கம் வரும், வாய் காயும். அன்றைக்குக் கவ்வாத்துக் கத்தி, ஃபெக்டரி மெஷின், ஓட்டோ எதுவும் வேண்டாம். செங்குத்து மலையில் ஏறவும் வேண்டாம். சாராயம் குடித்துவிட்டு இந்த ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது. குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வயதான ஐயாமாருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண் பிரஷர், வலிப்பு, நித்திரைக் குளிசை, கர்ப்பம், பால் கொடுப்பது, இவற்றையும் சொல்ல வேண்டும்.

பஸ் வாந்திக்கு?

ரம்பொடை வளைவிலோ கினிகத்தேனைப் பாதையிலோ வாந்தி வருவது பெரிய நோயல்ல. அதற்கு ஊசி தேவையில்லை. வைத்தியரிடம் கேட்டு வாங்கிய குளிசையைப் புறப்பட அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முன்னே போட்டால்தான் பலன். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் குளிசையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்து மலையைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம்.

தாய்மாருக்கு ஒரு சொல். புரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சு நின்றுபோகக் கூடும். வேலைக்குப் போகும்போதோ பஸ் பயணத்திலோ "பிள்ளை நல்லா தூங்கட்டும்" என்று அலர்ஜி மருந்து கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும் இன்றோடு அதை விட்டுவிடுங்கள்.

முன்பு உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை, குளவி கொட்டி என்ன நடந்தது, என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கார்ட்டோடு வையுங்கள். எழுத முடியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம்.