வைரஸ் அடங்கிவிட்டது, உடம்பு ஏன் தளர்கிறது?

கேள்வி: எனக்கு வயது 61. கடல் தொழில். 2005-ல் எச்.ஐ.வி. என்று தெரிந்து, தாம்பரம் ஆஸ்பத்திரியில் மாத்திரை தொடங்கினேன். ஒரு நாள் விட்டதில்லை. வைரஸ் தென்படவில்லை என்கிறார்கள். ஆனால் படகைக் கரையேற்றக் கை கொடுத்தால் மூச்சு வாங்குகிறது. என்னைவிட மூத்தவர்கள் திடமாக இருக்கிறார்கள். இத்தனை வருஷ மாத்திரைதான் உடம்பைத் தின்கிறதா? கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?
- ஒரு வாசகர், திருவேட்டக்குடி

பதில்: நிறுத்தவே வேண்டாம், ஐயா. உங்களுக்கு வந்த யோசனை மருத்துவர்களுக்கும் வந்ததுதான். 5,472 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறைந்ததும் மறுபடி கொடுத்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. நிறுத்தியவர்களிடையேதான் இறப்பு அதிகம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் என மாத்திரைமேல் நாம் பழி போடும் கோளாறுகளும் அவர்களுக்கே கூடுதலாக வந்தன.

அந்தப் பழியில் கொஞ்சம் உண்மையும் உண்டு. தொடக்க காலத்தில் பலருக்குக் கொடுத்த ஸ்டாவுடின் என்ற மருந்து கன்னத்தை ஒட்டவைத்தது, பாதத்தில் எரிச்சல் தந்தது. அது இன்று வழக்கில் இல்லை.

அப்படியானால் தளர்ச்சி எங்கிருந்து வருகிறது? குடலிலிருந்து. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே, குடல் சுவரில் காவல் இருக்கும் சி.டி.4 எனும் வெள்ளையணுக்களை வைரஸ் பெருமளவு அழித்துவிடுகிறது. சுவர் கண்ணி அறுந்த வலையாகிறது. குடல் கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிய, எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் போராடிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை வைரஸை அடக்கினாலும் அறுந்த கண்ணி முழுதாகச் சேர்வதில்லை. இந்த நீறு பூத்த நெருப்புக்கு நாள்பட்ட அழற்சி என்று பெயர். ரத்தக்குழாய், எலும்பு, தசை எல்லாவற்றையும் அது வயதுக்கு முன்பே முதுமையாக்குகிறது. நீங்கள் தொடங்கிய காலத்தில் சி.டி.4 பெரும்பாலும் 200-க்குக் கீழே இறங்கிய பிறகே அரசு மருந்து கிடைத்தது. அதற்குள் பல வருஷச் சேதம் நடந்திருக்கும். 2017-க்குப் பின் தொற்று தெரிந்தவுடனே மருந்து கொடுக்கிறார்கள். இன்றைய இளைஞர்களுக்கு அந்த இழப்பு குறைவு.

காரணமில்லாத எடைக் குறைவு, ஓயாத அசதி, கைப்பிடி தளர்வது, நடை மந்தமாவது, நடமாட்டம் குறைவது ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அதை 'நலிவு' என்கிறோம். ஆனால் உங்கள் மூச்சு வாங்கலுக்கு நாமாக அந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. இதயம், ரத்தசோகை, காசநோய் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து எச்.ஐ.வி. மாத்திரை வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது கொழுப்பு மாத்திரை தேவையா என்றும் கேளுங்கள். 40 முதல் 75 வயதுவரை எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்த ஆய்வில், அந்த வகை மாத்திரை ஒன்று மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 சதவீதம் குறைத்தது. 2023-ல் வெளியான முடிவு இது. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். மீனும் முட்டையும் குறையாமல் சாப்பிடுங்கள். மூச்சுக்குக் காரணம் தெரிந்து, மருத்துவர் சரி என்றபின் நடையும், நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சியும் தினமும் செய்யலாம். இழந்த தசை 61-லும் திரும்பும்.

அதுவரை படகு இழுக்கும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். நெஞ்சு இறுகினால் மறுநாளைக்கு என்று தள்ளாமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.