ஓதுவதன் பொருளை உணர இணையம் தரும் துணை



நம் ஆலயத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் திருமுறை வகுப்பில் பிள்ளைகள் கணீரென்று ஓதும்போது பெற்றோரின் முகம் மலர்வதைக் காண்கிறோம். ஆனால், தாங்கள் ஓதுவதன் பொருள் அப்பிள்ளைகளுக்குத் தெரிகிறதா? இந்தக் கேள்வியை என் மனத்தில் எழுப்பியவள் தொடக்கநிலை ஐந்தில் பயிலும் ஒரு மாணவி.

திருஞானசம்பந்தர் சீர்காழியில் அருளிய முதல் பதிகத்தை அன்று கற்பித்துக்கொண்டிருந்தேன். “சார், விடை என்றால் பதில்தானே? சாமி எப்படிப் பதில்மேல் ஏறி வருவார்?” என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளியில் ‘வினா, விடை’ என்றே படித்த குழந்தை வேறு எப்படி நினைக்கும்? விடை என்பதற்கு எருது என்றும் பொருளுண்டு, அது சிவபெருமானின் ஊர்தி என்று விளக்கினேன். அவள் விடவில்லை. அதே பாடலில் வரும் ‘ஏடு’ என்ற சொல்லுக்கும் பொருள் கேட்டாள். “ஓலைச்சுவடிதானம்மா, பிரமன் கையில் இருப்பது” என்றேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வந்தேன்.

அன்றிரவு மனம் உறுத்தியது. கணினியைத் திறந்து உரையைப் பார்த்தேன். அவ்விடத்தில் ஏடு என்பது பூவின் இதழ். இதழ்களையுடைய தாமரையில் வீற்றிருப்பவன் பிரமன் என்பதே பொருள். பணி ஓய்வு பெறும்வரை தமிழ் போதித்த நான் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! மறுவாரம் வகுப்பில் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினேன். எனக்குக் கைகொடுத்த இணையத்தளங்களை அன்பர்களும் அறிந்துகொள்வது நலம் என்பதால் இதனை எழுதுகிறேன்.

முதலாவது, தருமபுரம் ஆதீனத்தின் உரையுடன் பன்னிரு திருமுறைகளையும் தாங்கி நிற்கும் தேவாரம் தளம். பாடல், பொழிப்புரை, குறிப்புரை ஆகியவற்றோடு ஓதுவார் பாடிய ஒலிப்பதிவுகளும் அதில் உள்ளன. நான் தேடிய விளக்கம் கிடைத்தது இங்கேதான்.

இரண்டாவது, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, பின்னர் அனுபந்தமும் பெற்ற இந்நூலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் இதனை இணையத்தில் தேடிப் பார்க்கும்படி இலவசமாக அமைத்துள்ளது. பொருள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், வீட்டில் ஆங்கிலம் பேசும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். பாட்டில் உள்ளபடியே தட்டினால் சொல் கிடைக்காது. சந்தி பிரித்து, உருபு நீக்கி, ‘விடை’, ‘ஏடு’ என்று மூலச் சொல்லைத் தேட வேண்டும். அதுவே ஓர் இலக்கணப் பாடம்.

மூன்றாவது, மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை எவரும் இலவசமாகப் பெறலாம்.

நான்காவது, தமிழ்நாட்டு அரசு 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியதும், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குவதுமான நிறுவனம். அதன் மின்னூலகத்தில் உரைகளும் அகராதிகளும் உள்ளன. அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கான அடிப்படைப் பாடங்களும் உண்டு.

நம் ஊரை மறந்துவிடலாகாது. 1997இல் உலகத் தமிழ் இணைய மாநாடு கூடியது சிங்கப்பூரில்தான். அதற்கு முன்னோடியாய் நின்றவர் நம் எழுத்தாளரும் ஆசிரியருமான அமரர் நா. கோவிந்தசாமி. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை இன்று தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் காணலாம். தாத்தா காலத்துத் திருவிழாச் செய்திகளைப் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து தேடிப் பாருங்கள்.

எச்சரிக்கையாக ஒரு சொல். தமிழ் விக்கிப்பீடியா பயனுள்ளது. எனினும் யாரும் எழுதவும் திருத்தவும் கூடியதாகையால், அங்கே கண்டதை வேறு நூலோடு ஒப்பிட வேண்டும். கேட்டவுடன் பதில் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அவை தவறானதையும் தயங்காமல் சொல்லும், ஏட்டுக்கு நான் பொருள் சொன்னதுபோல! ஆகவே எவர் சொன்னாலும், ஆசிரியரே சொன்னாலும், உரையையும் அகராதியையும் பார்த்து உறுதி செய்துகொள்வதே முறை.

பெற்றோர்களே, வாரம் ஒரு பாடல் போதும். பிள்ளை ஓதட்டும், புரியாத ஒரு சொல்லை அதுவே தேர்ந்தெடுக்கட்டும், இருவரும் சேர்ந்து தேடுங்கள். “எனக்கும் தெரியாது, வா பார்ப்போம்” என்று சொல்வதில் நமக்கு இழுக்கு ஏதுமில்லை. பொருளறியாமல் மனப்பாடம் செய்தது வகுப்பை விட்டவுடன் மறந்துபோகும். தானே தேடிக் கண்ட பொருள் ஆயுள்வரை நிற்கும். நம் வகுப்பறைக்கு ஒரு கணினி இருந்தால் இப்பணி இன்னும் சிறக்கும். நன்கொடையாளர்கள் இதனையும் மனத்தில் கொள்வார்களாக.

கேள்வி கேட்ட அந்தச் சிறுமி இப்போது ஒவ்வொரு வாரமும் ஒரு புதுச் சொல்லோடு வருகிறாள். அவளுக்கு முன்பே நானும் தேடி வைத்துக்கொள்கிறேன்.

திருவருள் முன்னிற்க!