அமெரிக்கக் காடுகளைக் காத்தவர் ரூஸ்வெல்ட் ஒருவர்தானா?

நம்பிக்கை: அமெரிக்காவில் காடுகளைக் காக்கும் வேலையைத் தொடங்கிவைத்தவர் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்.

உண்மை: ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்தது 1901இல். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1877இல், உள்துறைச் செயலராக இருந்த கார்ல் ஷுர்ஸ் அரசு நிலங்களில் நடந்த மரக்கொள்ளையை எதிர்த்துக் குரல் கொடுத்துவிட்டார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் அவர். காடுகளை விற்காமல் அரசே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். நாடாளுமன்றமான காங்கிரஸ் செய்ததோ நேர்மாறு. அடுத்த ஆண்டே, மேற்கு மாநிலங்களின் மரக்காடுகளை ஏக்கர் இரண்டரை டாலருக்கு விற்கச் சட்டம் போட்டது. ஷுர்ஸ் பேச்சை அன்று யார் கேட்டார்கள்?

உண்மையான திருப்பம் 1891 மார்ச் 3ஆம் தேதி வந்தது. அதுவும் கொல்லைப்புறமாக வந்தது. மரம் வளர்த்தால் 160 ஏக்கர் நிலம் இலவசம் என்று 1873இல் ஒரு சட்டம் இருந்தது. நட்டதாகக் கணக்குக் காட்டி நிலத்தைச் சுருட்டியவர்கள் ஏராளம். அதைப் போன்ற பழைய நிலச் சட்டங்களைத் திருத்த வந்த மசோதாவில், இரு அவைகளின் கூட்டுக்குழு கடைசி நேரத்தில் 24ஆம் பிரிவு என்று ஒன்றைச் செருகியது. காடுள்ள அரசு நிலத்தை ஜனாதிபதி தன் அறிவிப்பாலேயே ஒதுக்கிவைக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அந்தச் சில வரிகளின் கனத்தை அன்று பெரும்பாலான உறுப்பினர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. உணர்ந்திருந்தால் நிறைவேறியிருக்காது என்பது என் எண்ணம்.

கையெழுத்திட்ட ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் ஒரு மாதம்கூடக் காத்திருக்கவில்லை. மார்ச் 30ஆம் தேதி யெல்லோஸ்டோன் பூங்காவை ஒட்டிய காட்டை முதல் ஒதுக்குக்காடாக அறிவித்தார். பதவிக்காலம் முடிவதற்குள் சுமார் 1 கோடி 30 லட்சம் ஏக்கரை ஒதுக்கினார். அவரை 1892 தேர்தலில் வீழ்த்திய எதிர்க்கட்சிக்காரர் குரோவர் கிளீவ்லேண்டும் அதே வழியில் நடந்தார். பதவி முடிய பத்தே நாள் இருக்கும்போது, 1897 பிப்ரவரி 22 அன்று, ஒரே மூச்சில் 13 ஒதுக்குக்காடுகளை அறிவித்தார். மொத்தம் 2 கோடி ஏக்கருக்கு மேல். மேற்கு மாநில உறுப்பினர்கள் கொதித்துப்போய் அறிவிப்பை ரத்து செய்யத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தம் ஒட்டியிருந்த செலவின மசோதாவில் கையெழுத்துப் போடாமலேயே கிளீவ்லேண்ட் வீட்டுக்குப் போனார். இவ்விருவரையும் இன்று காட்டோடு சேர்த்து நினைப்பவர் அரிது.

இதனால் ரூஸ்வெல்டின் பங்கு சிறிதாகிவிடாது. அவர் காலத்தில் சேர்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஏக்கர். அதுவரை காடுகள் உள்துறையிடம், காட்டியல் வல்லுநர்களோ விவசாயத் துறையில். 1905இல் இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்து வனச் சேவையை உருவாக்கி, கிஃபோர்டு பின்ஷோவைத் தலைவராக்கினார். இந்தப் பின்ஷோவுக்கு வழிகாட்டியவர் நமக்கு அந்நியரல்ல: இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளர், 1882ஆம் ஆண்டு சென்னை மாகாண வனச் சட்டத்தில் பங்குகொண்ட டீட்ரிக் பிராண்டிஸ்.

நம்பிக்கை: அந்தக் காலத்தில் காட்டைக் காப்பதில் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள்.

உண்மை: 1907ஐப் பாருங்கள். ஓரிகான் செனட்டர் சார்லஸ் ஃபுல்டன், ஆறு வடமேற்கு மாநிலங்களில் இனி ஜனாதிபதி புதிய ஒதுக்குக்காடு அறிவிக்கக் கூடாது என்ற தடையை விவசாயத் துறைச் செலவின மசோதாவோடு ஒட்டிவிட்டார். மசோதாவை நிராகரித்தால் வனச் சேவைக்கே பணம் நின்றுவிடும். கையெழுத்துப் போடக் கெடு இருந்தது சில நாள்தான். பின்ஷோவின் ஆட்கள் இரவு பகலாக உட்கார்ந்து வரைபடம் போட்டார்கள். தடை அமலுக்கு வருமுன் அந்த ஆறு மாநிலங்களிலேயே சுமார் 1 கோடி 60 லட்சம் ஏக்கரை ஒதுக்கிவிட்டு, அதன்பிறகு மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் மசோதாவில் கையெழுத்திட்டார். எதிரிகள் அவற்றை ‘நள்ளிரவுக் காடுகள்’ என்று ஏசினார்கள். ஜனநாயக முறைப்படி பார்த்தால் அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு.

நம்பிக்கை: ஒதுக்குக்காடு என்றால் கோடரி படாத காடு.

உண்மை: இல்லை. 1897 ஜூன் 4ஆம் தேதிச் சட்டம் நோக்கத்தைத் தெளிவாகவே சொன்னது: ஆறுகளின் நீரோட்டத்தைக் காப்பது, நாட்டுக்குத் தொடர்ந்து மரம் கிடைக்கச் செய்வது. முதிர்ந்த மரங்களை விற்கலாம். கைபடாத காட்டைக் கேட்ட ஜான் மியூருக்கும், காட்டைப் பயன்படுத்திக்கொண்டே காக்கலாம் என்ற பின்ஷோவுக்கும் பிளவு வந்தது இதனால்தான்.

நம்பிக்கை: ஒதுக்கியதெல்லாம் ஆளில்லாத நிலம்.

உண்மை: அங்கெல்லாம் பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள், வேட்டையாடினார்கள், வழிபட்டார்கள். நியூ மெக்சிகோவின் தாவோஸ் பூவெப்லோ மக்கள் புனிதமாகக் கருதும் நீல ஏரியை 1906இல் ரூஸ்வெல்ட் அரசு ஒதுக்குக்காட்டில் சேர்த்துக்கொண்டது. அவர்கள் விடாமல் போராடினார்கள். ஏரியோடு 48,000 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்கும் சட்டத்தில் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்டது 1970 டிசம்பரில்.