எது கடினம் என்று கேட்டாய்

அன்புள்ள நிலாவுக்கு,

நியூயார்க் டைம்ஸின் சனிக்கிழமைக் குறுக்கெழுத்து, லண்டன் டைம்ஸின் கிரிப்டிக் என்னும் மறைகுறிப்புப் புதிர், அப்சர்வரின் ஏஸெட், லிசனர் ஆகிய நான்கையும் வரிசைப்படுத்தித் தரச் சொல்லியிருக்கிறாய். அதிகம் பேரைத் திணறடிப்பது லிசனர்தான். ஆனாலும் இவற்றை ஒரே ஏணியின் நான்கு படிகளாக எண்ணிவிடாதே. ஒவ்வொன்றும் உன்னிடம் வேறொரு திறமையைக் கேட்கிறது.

நியூயார்க்கின் சனிக்கிழமைப் புதிரில் குறிப்புகள் சுருக்கமானவை, பல பொருளுக்கு இடம் கொடுப்பவை. கறுப்புக் கட்டங்கள் குறைவு, சொற்கள் நீளம். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் வருவதால், தெரியாத சொல்லைக்கூட மற்றவை நிரப்பிவிடும். லண்டன் டைம்ஸில் ஏறக்குறைய பாதி எழுத்துகளுக்கு அந்த உதவி கிடையாது. சொற்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. குறிப்புதான் உன்னை வேறு திசைக்கு இழுக்கும்.

ஏஸெட்டில் கறுப்புக் கட்டங்களே இல்லை. தடித்த கோடுகள்தான் சொற்களைப் பிரிக்கும். சேம்பர்ஸ் அகராதி இல்லாமல் முடியாது. 1972 முதல் அதை அமைத்த ஜோனதன் க்ரௌதர், தமக்கு முன்பிருந்த ஸிமெனிஸ் வகுத்த நேர்மையைக் காத்தார். குறிப்பில் ஒரு பகுதி பொருளைச் சொல்லும், மறுபகுதி சொல்லைக் கட்டும் வழியைச் சொல்லும், வீண்சொல் இராது. ஆகவே கேள்விப்படாத சொல்லையும் நீயே கட்டி, அகராதியில் சரிபார்க்கலாம். அகராதியைப் புரட்டக் கூச்சப்படாதே.

லிசனர் 1930ல் பிபிசியின் இதழில் பிறந்தது; இதழ் நின்றபின் 1991 முதல் லண்டன் டைம்ஸில் வருகிறது. அதில் குறிப்புகளைத் தீர்ப்பது பாதி வேலைதான். ஒரு வாரம் விடையை மாற்றி எழுத வேண்டியிருக்கும். இன்னொரு வாரம் குறிப்பிலேயே வேண்டுமென்று ஓர் எழுத்துப்பிழை வைத்திருப்பார்கள். கட்டம் நிறைந்த பிறகும் மறைந்துள்ள கருப்பொருளைத் தேட வேண்டியிருக்கும். பொறுமை இல்லாதவருக்கு அது திறக்காது.

புதிரை எடைபோட நிமிடங்களை எண்ணாதே. விடை தெரிந்ததும், 'இதை நான் பார்த்திருக்க வேண்டும்' என்று தோன்றினால் அது நல்ல கடினம். 'இது எனக்கு எப்படித் தெரியும்?' என்று தோன்றினால், அமைத்தவர் உனக்கு வழி வைக்கவில்லை.

தி இந்துவின் கிரிப்டிக் உனக்குக் கைவந்துவிட்டது. அடுத்து லண்டன் டைம்ஸைப் போடு. விடை பொருந்தியதோடு நிறுத்தாமல், ஏன் பொருந்துகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார். எல்லா விடைக்கும் அப்படிக் காரணம் சொல்ல முடிகிற அன்று ஏஸெட்டைத் தொடு. அதன் பிறகு எடுக்கும் லிசனர் பாதியில் நின்றாலும் விட்டுவிடாதே. விடை வெளிவந்ததும் அமைத்தவர் போன வழியைப் பின்தொடர்ந்து பார். புதிரின் பெயரைக் கேட்டு அஞ்சும் பழக்கம் அதோடு போய்விடும்.

அன்புடன்,
சித்தப்பா