பீப் அடித்தால் ஒயர் நல்லதா?

நான்கு நோசிலையும் மாற்றிய பிறகும் ஸ்கேனரில் பி0203 நிற்கிறதென்றால் கோளாறு நோசிலில் இல்லை. மூன்றாம் சிலிண்டர் இன்ஜெக்டரின் மின்சுற்றில் ஏதோ தகராறு என்பதுதான் அதற்கு அர்த்தம். ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனிடம் இதைச் சொன்னதற்கு, "அப்போ ஈசிஎம் போயிருக்கும் சார்" என்று அடுத்த எஸ்டிமேட்டை நீட்டினார்.

உங்களுடையதும் என்னுடையதைப் போலப் பழைய பெட்ரோல் வண்டிதானே? இரண்டாம், மூன்றாம் நோசில்களை இடம் மாற்றிப் போட்டு, எரரை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0202 வந்தால் நோசில். பி0203-ஆகவே நின்றால் ஒயர், கப்ளர். ஈசிஎம் எல்லாவற்றுக்கும் கடைசி. கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா, காயில் 12 முதல் 16 ஓமுக்குள் காட்டுகிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

ஃபோர்மேன் சறுக்கியது ஒயரில். மீட்டரை வைத்தார், பீப் அடித்தது, "ஒயர் ஓகே" என்றார். பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். 14 ஓம் நோசிலோடு அந்த 30 ஓமும் சேர்ந்தால் கரன்ட் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நோசில் எங்கே திறக்கும்?

வண்டி பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். ஒயரின் இரு முனைக் கப்ளர்களையும் பிரித்து, அதன் வழியாகத் தனி பேட்டரியில் பைக் இண்டிகேட்டரின் 10 வாட் பல்பை எரியவிட்டேன். நோசில் இழுக்கும் கரன்டைத்தான் ஏறக்குறைய அந்தப் பல்பும் இழுக்கும். மங்கலாக எரிந்தது. ஒயர் செட்டை அசைத்துக்கொண்டே போனேன். மேனிஃபோல்டு பிராக்கெட் பக்கம் வந்ததும் விட்டுவிட்டு எரிந்தது. ஒயரின் தோலில் ஊசிமுனை அளவு ஓட்டை. கீறிப் பார்த்தால் செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. டெஸ்ட் லேம்ப் ஊசியால் குத்திப் பார்த்த தடம் அது, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வேறு யாரும் என் பானெட்டைத் திறந்ததில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஒயரைக் குத்த விடாதீர்கள். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய பின் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கெட்ட பகுதியை வெட்டி, புது ஒயர் சேர்த்து, ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். வெறும் முறுக்கும் டேப்பும் இன்ஜின் சூட்டுக்குத் தாங்காது. காமன் ரெயில் டீசல்காரர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அங்கே இன்ஜெக்டர் ஒயரில் 60 வோல்ட்டுக்கு மேல் பாயும்.

கழற்றிய நோசில்களை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். நான் கேட்டபோது ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள். நான்குமே நல்ல நோசில்.