பச்சை உடம்புக்காரியின் தலைவலி: பாதி ஸ்கேனை நம்பாதீர்கள்

“தலைக்கு ஸ்கேன் எடுத்தாச்சு டாக்டர், நார்மல்னு சொல்லிட்டாங்க. சிசேரியனுக்கு முதுகுல போட்ட ஊசியால வர்ற வலிதானாம், தானா போயிடுமாம்.” திருவண்ணாமலை மாவட்டம் களம்பூர், ஆரணி, போளூர் பக்கமிருந்து வருகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டது. சொல்பவர் பெரும்பாலும் மாமியார், இல்லையென்றால் கணவர். பிரசவமாகி இரண்டு வாரம்கூட ஆகாத பெண் பக்கத்தில் சுவரோரம் சாய்ந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். மஞ்சள் பையிலிருந்து ஃபிலிமை எடுத்து நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாத சாதா சிடி.

கதிரியக்க மருத்துவராகச் சொல்கிறேன்: பிரசவமான பெண்ணின் தலைவலிக்கு அந்த ஒரு ஃபிலிமை வைத்துக்கொண்டு “ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு அனுப்புவது தவறு. மன்னிக்க முடியாத தவறு.

நம்பிக்கை: சிடி ஸ்கேன் நார்மல் என்றால் மூளையில் ஒன்றுமில்லை.

உண்மை: சாதா சிடி நல்ல கருவி. புதிய ரத்தக்கசிவு, பெரிய கட்டி, மண்டையோட்டு முறிவு ஆகியவற்றைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். ஆனால் மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் வழி அடைத்திருக்கிறதா என்ற கேள்விக்கு அது அரைகுறையாகத்தான் பதில் சொல்லும். மூளைச்சிரைகளில் ரத்தம் உறைந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மட்டுமே சாதா சிடியில் மாற்றம் தெரிகிறது என்று அமெரிக்க இதய சங்கத்தின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மீதிப் பேருடைய ஃபிலிம் பார்க்க நன்றாகவே இருக்கும். நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

மூளையின் எடை உடம்பு எடையில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அங்கே போகிறது. போன ரத்தமெல்லாம் மண்டையோட்டின் உட்பக்கம் ஓடும் பெருஞ்சிரைகள் வழியாகக் கழுத்துக்கு இறங்கி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். ஏரி மதகில் தண்ணீர் தாராளமாக வந்தாலும் வடிகால் தூர்ந்த வயலில் பயிர் அழுகிப்போகும் என்பதைக் களம்பூர் விவசாயிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் அதுதான் நடக்கிறது. வெளியேற வழியில்லாத ரத்தம் பின்னுக்குத் தேங்கி அழுத்தம் ஏறுகிறது, மூளை வீங்குகிறது, நுண்குழாய்கள் வெடித்துக் கசிகின்றன, வலிப்பு வருகிறது. மூளையைச் சுற்றியுள்ள நீரும் இதே பெருஞ்சிரை வழியாக வடிகிறது. அதுவும் தேங்கினால் பார்வை மங்கும். தறிக்குத் தார் சுற்ற உட்கார்ந்த பெண் “இழை ரெண்டு ரெண்டா தெரியுது” என்று சொன்னால் ரத்தசோகை என்று கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். மண்டைக்குள் அழுத்தம் ஏறி, கண்ணைத் திருப்பும் நரம்பு பாதிக்கப்பட்டதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு இந்தச் சிரை அடைப்பு ஏன் வருகிறது? பிரசவத்தில் ரத்தம் வீணாகிவிடக் கூடாது என்று கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடம்பே ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டிக்கொள்கிறது. குழந்தை பிறந்து ஆறு வாரம் வரை அந்த ஆபத்து அதிகம். சிசேரியன், காய்ச்சல், ரத்தசோகை, உடம்பில் நீர் வற்றுவது எல்லாம் அதை மேலும் கூட்டும். இது புதிதாக முளைத்த நோயும் அல்ல. பிரசவமான பெண்ணுக்கு மூளைச்சிரை அடைத்ததை அபர்கிராம்பி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1828-லேயே பதிவு செய்திருக்கிறார். நம் நாட்டில் நரம்பியல் நிபுணர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளை ரத்தக்குழாய் அடைத்த 135 பேரைப் பற்றி 1983-இல் ‘ஆஞ்சியாலஜி’ இதழில் எழுதினார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் பல ஆண்டுகளாக இதைப் பற்றி எழுதி வருகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ‘முதுகு ஊசி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

முதுகு ஊசியால் தலைவலி வருவது உண்மைதான். அதற்கு அடையாளம் உண்டு. பெரும்பாலும் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கும், எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் அடங்கும், பொதுவாக இரண்டு வாரத்துக்குள் போய்விடும். சிரை அடைப்பின் வலி நாளுக்கு நாள் ஏறும். படுத்தாலும் விடாது, படுக்கும்போதும் இருமும்போதும் முக்கும்போதும் கூடவும் செய்யும். வாந்தி, பார்வை மங்கல், ஒரு கை கால் மரத்துப்போவது, வலிப்பு எல்லாம் கூட வரலாம். முதலில் படுத்தால் அடங்கிய வலி பிறகு படுத்தாலும் அடங்கவில்லையென்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகில் ஊசி போட்ட பெண்ணுக்கும் சிரை அடைக்கும். ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று எந்த விதியும் இல்லை. ரத்த அழுத்தத்தையும் அப்போதே பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகும் அது ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.

எடுக்க வேண்டிய படம், சிரைகளைக் காட்டும் வெனோகிராம். சிடி வெனோகிராமில் கைச் சிரை வழியாகக் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, அது மூளையைச் சுற்றித் திரும்பும் நேரத்தில் படம் பிடிக்கிறோம். பின்மண்டைக்கு அருகே, முக்கோணமாக முழுதும் வெளுத்துத் தெரிய வேண்டிய பெருஞ்சிரை, ஓரம் மட்டும் வெளுத்து நடுவில் இருட்டாகத் தெரியும். அந்த இருட்டுதான் உறைந்த ரத்தம். எம்ஆர் வெனோகிராமை மருந்தே ஏற்றாமலும் எடுக்கலாம், கதிர்வீச்சு கிடையாது. நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை கெட்டியான வில்லாக வளைந்து வர வேண்டிய சிரை, அடைப்பு உள்ளவரின் படத்தில் பாதி வழியில் மறைந்துபோயிருக்கும்.

எம்ஆர்ஐ மட்டும் எடுத்துவிட்டு வெனோகிராமை விட்டுவிட்டாலும் ஏமாறுவோம். முதல் சில நாட்களில் உறைந்த ரத்தம், சில படவரிசைகளில் ஓடும் ரத்தத்தைப் போலவே கறுப்பாகத் தெரியும்.

தாமதத்துக்கு விலை உண்டு. மூளைச்சிரை அடைப்பைப் பற்றி 2004-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 624 நோயாளிகள் இருந்தார்கள். கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்குத் தலைவலி, சுமார் 40 சதவீதம் பேருக்கு வலிப்பு. நோய் இன்னதென்று தெரிய பாதிப் பேருக்கு ஒரு வாரம் அல்லது அதற்கு மேல் ஆனது. அதே ஆய்வில் 79 சதவீதம் பேர் முழுக்கவோ கிட்டத்தட்ட முழுக்கவோ குணமானார்கள் என்பதையும் படியுங்கள். குணமாகக்கூடிய நோயை வீட்டிலேயே வைத்து முற்றவிடுகிறோம் என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

நம்பிக்கை: பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் ஜன்னி வரும். உண்மை: நீர் வற்றினால்தான் ரத்தம் உறையும் போக்கு கூடும். பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தண்ணீர் மறுப்பது கொடுமை. தாகத்துக்குக் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

நம்பிக்கை: மூளையில் கசிவு இருக்கும்போது ரத்தத்தை இளக்கும் ஊசி போட்டால் உயிர் போய்விடும். உண்மை: ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்ல் குழு 1991-இல் வெளியிட்ட ஆய்வில் மூளைச்சிரை அடைத்த 20 பேர். ஹெப்பாரின் என்ற அந்த ஊசி போட்ட 10 பேரில் 8 பேர் முழுக்கக் குணமானார்கள், யாரும் இறக்கவில்லை. போடாத 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். ஏற்கெனவே கசிவு இருந்தவர்களும் அதில் அடக்கம். அடைப்பு நீங்கினால்தான் கசிவு நிற்கும். ஹெப்பாரின் எடுக்கும் தாய் பால் கொடுக்கலாம்.

நம்பிக்கை: கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும். உண்மை: வேண்டாம். பாலில் கலக்கும் அளவு மிக மிகச் சொற்பம்.

நம்பிக்கை: ஆடி வெள்ளிக்குப் படவேடு கோயிலுக்குப் போக, மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டால் ஒன்றும் ஆகாது. உண்மை: அது ஹார்மோன் மாத்திரை. ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரைக்கும் மூளைச்சிரை அடைப்புக்கும் உள்ள தொடர்பு நன்கு நிறுவப்பட்டது. டாக்டரைக் கேட்காமல் எதையும் விழுங்காதீர்கள்.

நம்பிக்கை: இது பெண்களுக்கு மட்டும் வரும். உண்மை: ஹைதராபாத் நிஜாம் மருத்துவக் கழகத்தின் பதிவேட்டில் 428 பேர், அதில் பாதிக்கு மேல் ஆண்கள்.

நம்பிக்கை: கோவிட் ஊசி போட்ட எல்லோருக்கும் இனி மூளையில் ரத்தம் உறையும். உண்மை: 2024-இல் ஊசி தயாரித்த நிறுவனத்தின் மீதான லண்டன் வழக்குச் செய்தி வந்ததும் மீண்டும் கிளம்பிய புரளி. சில வகை ஊசிகளுக்குப் பிறகு மிக அரிதாக அப்படி ஆனது உண்மை; ஆனது பெரும்பாலும் போட்ட ஆறு வாரத்துக்குள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து தாக்காது.

நம்பிக்கை: ‘இடது சிரை சிறுத்திருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்தால் நோய். உண்மை: பலருக்கும் பிறவியிலேயே அப்படித்தான். எம்ஆர்ஐ சரியாக இருந்த 100 பேரின் வெனோகிராமைப் பார்த்த ஓர் ஆய்வில் 31 பேருக்குப் பக்கவாட்டுச் சிரையில் இடைவெளி தெரிந்தது. கழுத்துச் சிரையை விரித்தால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் குணமாகும் என்று 2009-இல் இத்தாலியின் ஜம்போனி சொன்னதை நம்பி, வெளிநாட்டவர் இந்தியாவுக்கே வந்து பணம் கட்டினார்கள். அவரே நடத்திய சோதனையில் பலனில்லை என்று 2017-இல் முடிவு வந்தது. படத்தில் தெரியும் ஒவ்வொரு குறுகலும் நோயாகிவிடாது. நோயாளியையும் சேர்த்துப் பார்ப்பவர்தான் ரிப்போர்ட் எழுத வேண்டும்.

அதனால்தான் ஒரு கோரிக்கையைப் பார்க்கும் இடமெல்லாம் சொல்கிறேன். ஸ்கேன் மையத்துக்கு வரும் சீட்டில் ‘தலைவலி’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். அதை வைத்து வெனோகிராம் எடுக்க வேண்டுமென்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஸ்கேன் சீட்டிலும், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண் என்றால், கடைசிப் பிரசவ தேதியை எழுத ஒரு கட்டம் அச்சடிக்க வேண்டும். சுகாதாரத் துறை ஓர் உத்தரவில் செய்துவிடலாம், செலவே கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர், தையலையும் பாலையும் கேட்பதோடு “தலைவலி இருக்காம்மா? படுத்தா அடங்குதா?” என்றும் கேட்க வேண்டும்.

தூரத்தைக் காரணம் காட்டாதீர்கள். வேலூரிலும் திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1949-லேயே மூளை நரம்பு அறுவைத் துறை தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையும் வேலூரில்தான் இருக்கிறது. வலிப்போ மயக்கமோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வேப்பிலை அடிக்கப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பெண்ணின் மூளையிலிருந்து கழிகிறது.

அரசு கட்டம் அச்சடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஸ்கேன் அறை வாசலில் நிற்கும் அம்மாவோ மாமியாரோ கணவரோ வாயைத் திறந்து சொல்லுங்கள்: “பிரசவமாகி இத்தனை நாள் ஆகுது, வெனோகிராமும் வேணுமா, டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க.” கேட்டதற்கு யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இன்னொரு தடவை கேளுங்கள்.